தலை மட்டும் மிஞ்சிய மீன்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே மீனைப் பற்றியவை. முகமெல்லாம் எலும்புத் தகடு மூடிய ராட்சத மீன் ஒன்று சுறாவை ஒரே கடியில் இரண்டாக்கும் காணொளி ஊரெல்லாம் சுற்றுகிறது போலிருக்கிறது. எனக்கும் வந்தது. எல்லாருடைய கண்ணும் அதன் வாய்மேல்தான். வாய்க்குப் பின்னால் ஓர் உடம்பும் இருந்திருக்குமே, அதை யாராவது பார்த்தார்களா என்று யோசித்தவர் ஒரே ஒருவர். அவர் மீன் விற்பவர். மற்றக் கேள்விகளை ஒத்திவைத்துவிட்டு இந்த முறை முழுக்க இந்த மீனுக்கே இடம் தருகிறேன்.

“காணொளியில் வரும் மீன் உண்மையா, கம்ப்யூட்டரில் செய்த கற்பனையா? உண்மை என்றால் எந்தக் கடலில் இருந்தது?”
(கணக்காளர் ஒருவர், கோவில்பட்டி)

மீன் உண்மை, படம் கம்ப்யூட்டர். அதன் பெயர் டங்கிளியோஸ்டியஸ். சுமார் 36 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, டெவோனியன் காலம் முடியப்போகிற கட்டத்தில் வாழ்ந்தது. நல்ல மாதிரிகள் அதிகம் கிடைத்திருப்பது அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில். இன்று மக்காச்சோளமும் சோயாவும் விளையும் அந்தப் பூமி அன்று நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே, ஆழமில்லாத ஒரு கடலின் அடியில் கிடந்தது. அந்தக் கடலடிச் சேறு இறுகிக் கறுப்புக் களிப்பாறையாகியிருக்கிறது. கிளீவ்லாந்து நகரின் பெயரையே அந்தப் பாறைக்கும் வைத்திருக்கிறார்கள்.

1867இல் ஈரி ஏரிக்கரைச் சரிவில் ஜே டெரல் என்பவர் பெரிய எலும்புத் தகடுகளைக் கண்டெடுத்தார். அவர் படித்துப் பட்டம் வாங்கிய ஆய்வாளர் அல்ல, ஆர்வத்தால் தேடியவர். அதே காலத்தில் ஹெர்மன் ஹெர்சர் என்ற பாதிரியாரும் ஒஹையோவில் இதன் உறவுக்கார மீன் ஒன்றைக் கண்டெடுத்திருந்தார். இரண்டையும் ஆராய்ந்து பெயரிட்டவர் ஜான் ஸ்ட்ராங் நியூபெரி என்ற நிலவியலாளர். 1873இல் அவர் டெரலின் மீனுக்கு ‘டைனிக்திஸ் டெரெல்லி’ என்று பெயர் வைத்தார். 1956இல் ழான் பியர் லேமான் என்ற பிரெஞ்சு ஆய்வாளர், இது தனிப் பேரினம் என்று பிரித்து, கிளீவ்லாந்து இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பொறுப்பில் இருந்த டேவிட் டங்கிளைச் சிறப்பித்து இப்போதைய பெயரைத் தந்தார். 1960களில் கிளீவ்லாந்து பக்கம் 71ஆம் எண் நெடுஞ்சாலைக்காகப் பாறையை வெட்டினார்கள். அருங்காட்சியகத்தார் கூடவே நின்று மீன்களைப் பொறுக்கி எடுத்தார்கள். ரோடு போடுகிறவர்கள் கொஞ்சம் பொறுமையாக இருந்தால் எவ்வளவு கிடைக்கிறது பாருங்கள். மொராக்கோ, பெல்ஜியம், போலந்து நாடுகளிலும் இதன் இனங்கள் கிடைத்திருக்கின்றன. 2020இல் ஒஹையோ இதைத் தன் மாநிலப் புதைபடிவ மீனாகச் சட்டம் போட்டு அறிவித்தது.

இது பிளாக்கோடெர்ம்கள் என்ற பெரிய கூட்டத்தைச் சேர்ந்தது. கவச மீன்கள் என்று வைத்துக்கொள்வோம். தாடை உள்ள முதுகெலும்பிகளில் மிகப் பழைய கூட்டங்களில் ஒன்று. எல்லாமே ராட்சதர்கள் அல்ல, உள்ளங்கைக்குள் அடங்கும் கவச மீன்களும் ஏராளம். அவற்றை வைத்து யாரும் காணொளி செய்வதில்லை.

“ஒருத்தர் முப்பது அடி என்கிறார், ஒருத்தர் பதினோரு அடி என்கிறார். மீனைப் பார்க்காமல் எப்படி நீளம் சொல்கிறார்கள்? நாங்கள் அப்படிச் சொன்னால் வாங்க வருகிறவர்கள் விடுவார்களா?”
(மீன் வியாபாரி, தூத்துக்குடி)

அண்ணாச்சி, இதற்குப் பதில் சொல்ல என்னைவிட நீங்கள்தான் சரியான ஆள். ஒரே அளவுத் தலையுள்ள வாளை, பாறை, சூரை மூன்றையும் உங்கள் பலகையில் வைத்து, கழுத்துக்குப் பின்னால் சாக்கைப் போட்டு மூடுங்கள். தலையை மட்டும் காட்டி, ஒவ்வொன்றும் எத்தனை அடி என்று வருகிறவரைக் கேளுங்கள். வாளை ஆள் நீளத்துக்குப் போகும். பாறை தலைக்குப் பின்னால் சட்டென்று முடிந்துவிடும். சூரை நடுவில் நிற்கும். நீங்கள் மீனைத் தெரிந்தவர் என்பதால் சரியாகச் சொல்லிவிடுவீர்கள். மீனே தெரியாதவர் என்ன செய்வார்?

டங்கிளியோஸ்டியஸ் விஷயத்தில் ஆய்வாளர்களின் நிலைமை அதுதான். கவசம் தலையிலும் தோளிலும் மட்டுமே இருந்தது. சில இடங்களில் அந்தத் தகடு ஐந்து சென்டிமீட்டர் கனம்கூட இருக்கும், அதனால் கல்லாகித் தங்கிவிட்டது. பின்பாதி பெரும்பாலும் குருத்தெலும்பு. செத்த மீன் அடிச்சேற்றில் புதையும் முன்பே அது சிதைந்து போயிருக்கும். எரிச்சல் என்னவென்றால், அதே கிளீவ்லாந்து பாறையில் கிளாடோசெலாக்கி என்ற பழைய சுறா தோல், தசையின் தடத்தோடுகூடக் கிடைத்திருக்கிறது. சுறாவுக்கு அவ்வளவு தாராளம் காட்டிய பாறை, இந்தப் பெரிய மீனுக்கு வாலைக்கூட விட்டுவைக்கவில்லை.

அதனால் பின்பாதியை ஊகித்தார்கள். முழு உடம்போடு கிடைத்த உறவுக்கார மீன்கள் சில உண்டு. ஸ்காட்லாந்துச் செம்மணற்கல்லில் கிடைக்கும் காக்காஸ்டியஸ் அதில் ஒன்று, நீளம் ஒரு முழத்துக்கு உள்ளேதான். அதைப் பெருக்கிப் பார்த்தவர்கள் உண்டு, சுறாவை மாதிரியாக வைத்தவர்கள் உண்டு. 2017இல் ஒரு குழு இன்றைய சுறாக்களின் வாயளவுக்கும் உடல் நீளத்துக்கும் உள்ள விகிதத்தைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போட்டதில் ஏறக்குறைய 7 மீட்டர் வந்தது. இன்னும் பழைய புத்தகங்களில் 9, 10 மீட்டர் என்று தாராளமாக எழுதினார்கள். உங்களிடம் முப்பது அடி என்றவர் அந்தப் புத்தகத்தின் வாரிசு.

2023இல் ரஸ்ஸல் எங்கல்மன் என்ற ஆய்வாளர், கிளீவ்லாந்தின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் இருந்தவர், வேறு வழியில் போனார். வாயை விட்டுவிட்டார். கண்ணிலிருந்து செவுள் மூடியின் பின் விளிம்பு வரை உள்ள தூரத்தை எடுத்துக்கொண்டார். வாய் பெரிதாகவும் இருக்கலாம், சிறிதாகவும் இருக்கலாம், அது சாப்பாட்டு விஷயம். ஆனால் கண்ணுக்குப் பின்னால் மூளையும் செவுளும் அடங்க வேண்டும். உடம்பு எவ்வளவு பெரிதோ அவ்வளவு செவுள் வேண்டும். அந்தத் தூரம் உடல் நீளத்தோடு ஓரளவு கட்டுப்பட்டே நடக்கிறது. 900க்கும் மேற்பட்ட மீன் இனங்களை அளந்து அதை நிறுவினார். முழு உடம்பு கிடைத்த கவச மீன்களிலும் போட்டுப் பார்த்தார், பொருந்தியது. கூடவே, கவச மீன்களின் வாய் அதே நீளமுள்ள சுறாவின் வாயைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரிது என்பதும் தெரிந்தது. சுறாக் கணக்கு ஏன் நீண்டுபோனது என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது.

அப்படி வந்த கணக்கில் வழக்கமான வளர்ந்த மீன் 3.4 மீட்டர், மிகப் பெரியது 4.1 மீட்டர். அதாவது உங்கள் பதினோரு அடிக்காரர் ஜெயித்தார். நீளம் போய்விட்டதே என்று பலருக்கு வருத்தம். எனக்கு இல்லை. 3.4 மீட்டரில் ஒரு டன்னை ஒட்டிய எடை வரும் மீனை நினைத்துப் பாருங்கள், உயரமும் அகலமுமாக, சூரையின் கட்டுமஸ்தில் இருக்கும். பழைய படங்களில் வருகிற, கவசத் தலைக்குப் பின்னால் விலாங்கு ஒட்டவைத்த அந்த உருவம் எனக்கு எந்தக் காலத்திலும் சரியாகப் படவில்லை. அவ்வளவு கனமான தலையைப் பிடித்துத் தள்ள அந்த ஒல்லி வால் போதுமா?

“எனக்கு ஆறாம் வகுப்பு. டங்கிளியோஸ்டியஸும் மெகலடானும் சண்டை போட்டால் யார் ஜெயிப்பார்கள்?”
(மாணவன், நாமக்கல்)

சண்டைக்கு வரவே முடியாது கண்ணா. மெகலடான் சுறா சுமார் 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றியது. டங்கிளியோஸ்டியஸ் அதற்கும் 33 கோடி ஆண்டுகள் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. டைனோசர்கள்கூட இதைப் பார்த்ததில்லை, அவை வந்ததே 23 கோடி ஆண்டு வாக்கில்தான்.

“அதன் கடி உலகத்திலேயே பலமானது என்கிறார்கள். தாடை எப்படி வேலை செய்தது? நான் மெக்கானிக்கல் படிக்கிறேன், கொஞ்சம் விவரமாகவே சொல்லலாம்.”
(பாலிடெக்னிக் மாணவர், சேலம்)

தம்பி, நீ கேட்டது நல்லதாய்ப் போயிற்று. உன் பாடத்தில் வரும் ஃபோர் பார் மெக்கானிசம்தான் இது.

நீயும் நானும் வாயைத் திறந்தால் கீழ்த்தாடை மட்டும் இறங்கும், மண்டை நகராது. இந்த மீனுக்குத் தலைக் கவசம் ஒரு துண்டு, தோள் கவசம் ஒரு துண்டு. இரண்டுக்கும் இடையில் பக்கத்துக்கு ஒன்றாக எலும்பு மூட்டு. வாய் திறக்கும்போது கீழ்த்தாடை இறங்குவதோடு மண்டையும் மேலே தூக்கும். தலைக் கவசம், தோள் கவசம், கீழ்த்தாடை, கீழ்த்தாடையைத் தோளோடு பின்னுக்கு இழுக்கும் தசை ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பூட்டிய நான்கு கம்பிகள். ஒன்று அசைந்தால் மற்றவை அசைந்தே தீர வேண்டும். ஃபிலிப் ஆண்டர்சன், மார்க் வெஸ்ட்னீட் என்ற இரண்டு பேர் இதைக் கணக்கில் கட்டி, ஆய்வு முடிவை 2007இல் வெளியிட்டார்கள். வாய் முழுக்கத் திறக்க 20 மில்லி செகண்ட், ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு. அவ்வளவு வேகத்தில் திறந்தால் எதிரே இருக்கும் தண்ணீர் உள்ளே உறிஞ்சப்படும், இரையும் கூடவே வரும். இன்றைக்கும் எத்தனையோ மீன்கள் உறிஞ்சித்தான் தின்கின்றன. ஆனால் அவை பலமாகக் கடிப்பதில்லை. உறிஞ்சலும் கடியும் ஒரே வாயில் சேர்ந்திருப்பதுதான் இதன் அதிசயம். கடியின் பலத்தை நியூட்டனில் சொல்லும் கணக்கைவிட எனக்கு இதுதான் பெரிது.

நியூட்டனும் சொல்லிவிடுகிறேன். தாடையின் முன்முனையில் சுமார் 4,400, பின்பக்க வெட்டு விளிம்பில் சுமார் 5,300. கிலோவில் சொன்னால் முனையில் 450 வரும். அது முழுக்க ஒரு சிறிய கூர்முனையில் இறங்கும் என்பதால் அழுத்தம் பயங்கரமாக இருக்கும். ஆனால் “உலகத்திலேயே” என்பதை அடித்துவிடு. 2012இல் உயிரோடு இருக்கும் முதலைகளைக் கடிக்கவைத்து அளந்தபோது உப்புநீர் முதலை 16,000 நியூட்டனைத் தாண்டியது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம் மாமல்லபுரம் பக்கத்து முதலைப் பண்ணைக்கு எதிரே இந்த மீன் அடக்கமாகத்தான் நிற்க வேண்டும்.

இன்னொன்று. அது பல் அல்ல. காணொளியில் கோரைப்பல் போலத் தெரிவது தாடை எலும்பின் விளிம்பே முனையாக நீண்டிருப்பது. மேலெலும்பும் கீழெலும்பும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே தீட்டிக்கொள்ளும், தேயத் தேய எலும்பு வளரும். உடம்பு நீளம் குறைந்துவிட்டதால் கடியும் குறையுமே என்று ஒரு கேள்வி உனக்கு வரலாம். கணக்குப் போட்டது கையில் இருக்கிற மண்டையை வைத்து. மண்டை அதே மண்டைதான்.

“இவ்வளவு பெரிய மீனுக்கு எதற்கு இத்தனை கவசம்? யாருக்குப் பயந்து?”
(ஓய்வுபெற்ற ராணுவ வீரர், வேலூர்)

ஒரு பதில் பாறையிலேயே இருக்கிறது ஐயா. சில டங்கிளியோஸ்டியஸ் கவசங்களில் கடித் தடங்கள் உள்ளன, அவை இன்னொரு டங்கிளியோஸ்டியஸின் தாடைக்குப் பொருந்துகின்றன. வேறு எதற்கும் பயப்பட வேண்டியிராத மீன் தன் இனத்துக்குப் பயந்திருக்கிறது. ஆனால் கவசம் முழுக்கப் பயத்துக்காக என்றும் சொல்ல மாட்டேன். அந்த நான்கு கம்பிப் பொறி வேலை செய்ய அசையாத ஒரு பிடிமானம் வேண்டும், தோள் கவசம் அதைத் தருகிறது. தவிர, இந்தக் கவசம் இதன் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. இதன் முன்னோர்கள் சின்ன மீன்களாக இருந்த காலத்திலிருந்து வந்த சொத்து.

“குழம்புக்கு ஆகுமா?”
(உணவக உரிமையாளர், காரைக்குடி)

தலைக் குழம்பு வைக்கிற ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள், சம்மட்டிதான் உடையும். பின்பாதியில் எலும்பு குறைவு என்பதால் சுறாப்புட்டு செய்முறையை முயலலாம் என்பது என் தாழ்மையான கருத்து. தேங்காய் நிறையப் போடவும்.

“இந்த மீன்கள் முட்டையிட்டனவா, குட்டி போட்டனவா? பிரசவ வார்டில் வேலை பார்ப்பதால் இப்படித்தான் கேள்வி வருகிறது.”
(செவிலியர், மதுரை)

இந்த மாதத்தின் சிறந்த கேள்வி உங்களுடையது.

டங்கிளியோஸ்டியஸுக்கு நேரடிச் சான்று இல்லை, அதற்குத்தான் பின்பாதியே இல்லையே. ஆனால் அதன் சின்ன உறவினர்களுக்கு இருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியில் கோகோ என்ற மாட்டுப்பண்ணை. 38 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே பவழத்திட்டு போன்ற கடல் திட்டு இருந்தது. இன்று வெயிலில் காய்கிற தரையில் சுண்ணாம்புக்கல் உருண்டைகள் கிடக்கின்றன, உடைத்தால் சிலவற்றுக்குள் மீன். உளியால் செதுக்கினால் நொறுங்கும். அதனால் நீர்த்த அசெட்டிக் அமிலத்தில், நம் சமையலறை வினிகரில் இருப்பதும் அதுதான், ஊறப்போடுகிறார்கள். சுண்ணாம்பு கரையும், எலும்பு நிற்கும். பாறையில் நசுங்கிப் படமாகிப் போகாத, முழு உருண்டை மீன் கையில் வரும்.

2005இல் அப்படிக் கிடைத்த ஒரு மீனை ஜான் லாங் என்ற ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் அமிலத்தில் கரைத்துக்கொண்டு வந்தபோது, அதன் வயிற்றுப் பகுதியில் இன்னொரு மீனின் குட்டி எலும்புகள் இருந்தன. தின்ற இரையாக இருந்தால் உடைந்திருக்கும், அரிக்கப்பட்டிருக்கும். இவை அப்படி இல்லை, அதே இனத்தின் எலும்புகள். பக்கத்தில் சுருண்டு கிடந்தது தொப்புள் கொடி. கல்லான தொப்புள் கொடி! 2008இல் நேச்சர் இதழில் அறிவித்தார்கள். மீனுக்கு மெட்டர்பிஸ்கிஸ் அட்டன்பரோகி என்று, இயற்கை ஆவணப்படங்களால் புகழ்பெற்ற டேவிட் அட்டன்பரோவைச் சிறப்பித்துப் பெயர். நீளம் ஒரு அடிக்கும் குறைவு. வயிற்றில் கருவோடு நமக்குத் தெரிந்த முதுகெலும்பிகளில் அவள்தான் மிகப் பழைய தாய்.

இதைப் படித்தபோது எனக்குக் கல்லூரி ஆய்வுக்கூடம்தான் கண்ணில் வந்தது. என் காலத்தில் விலங்கியல் மாணவர்கள் எல்லாரும் பால்சுறாவை அறுத்தே ஆக வேண்டும். பார்மலின் நெடியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு மண்டை நரம்பைத் தேடும் பிள்ளைகளில் யாராவது ஒருவர் “மேடம், உள்ளே குட்டி!” என்று கத்துவார்கள். பால்சுறா கொடியோடு குட்டியைச் சுமந்து ஈனும் சுறா. அன்றைக்கு நரம்புப் பாடம் அவ்வளவுதான், மொத்த வகுப்பும் அந்த மேசையைச் சுற்றி நிற்கும். கேரளத்திலிருந்து குஜராத் வரை வலையில் விழும் அந்தச் சிறு சுறா செய்கிற வேலையை, கவச மீன் ஒன்று 38 கோடி ஆண்டுகளுக்கு முன்பே செய்திருக்கிறது.

கோகோ மீன்கள் இன்னும் கொடுத்துக்கொண்டே இருக்கின்றன. 2022இல் கேட் ட்ரினாஜ்ஸ்டிக் தலைமையிலான குழு, கல்லை உடைக்காமல் நியூட்ரான் கதிரும் எக்ஸ் கதிரும் செலுத்தி, ஒரு கவச மீனின் இதயத்தையே கண்டு சொன்னது. இரண்டு அறைகள், எஸ் எழுத்து வடிவ வளைவு. கூடவே பெரிய கல்லீரல், இன்றைய சுறாவுக்கு இருப்பதுபோல. சுறாவின் ஈரலெண்ணெய் அதை மிதக்க வைக்கிறது என்று படித்திருப்பீர்கள், இதற்கும் அதுவே வேலையாக இருந்திருக்கலாம் என்கிறார்கள்.

“எங்கள் ஏரியில் வலைபோட்டால் முதுகெல்லாம் ஓடு மாதிரி இருக்கிற டேங்க் கிளீனர் மீன்தான் வருகிறது. இது அந்தக் கவச மீனின் வாரிசா?”
(ஏரி மீன்பிடிப்பவர், செங்கல்பட்டு)

இல்லை. அது தென் அமெரிக்காவிலிருந்து கண்ணாடித் தொட்டிக்காக வந்த கெளுத்திக் கூட்டம். தொட்டியில் பெரிதாகிவிட்டது என்று யாரோ ஏரியில் கொட்டியதன் விளைவு உங்கள் வலையில். அதன் தகடுகள் கெளுத்திகளில் வெகு காலம் கழித்துத் தனியாக உண்டானவை. கவச மீன்களோ 36 கோடி ஆண்டுக்கு முன்பே முடிந்துபோனவை. உறவு தேடுவதைவிட, பிடித்ததைத் திரும்பத் தண்ணீரில் விடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். குஞ்சு மீன்களுக்கும் உங்கள் வலைக்கும் அது செய்யும் சேதம் போதும்.

“சீலகாந்த் மாதிரி இதுவும் ஆழ்கடலில் எங்காவது ஒளிந்திருக்கலாம் அல்லவா?”
(வங்கி ஊழியர், கும்பகோணம்)

ஆசை நல்லதுதான். 1938இல் தென்னாப்பிரிக்கக் கரையில், அழிந்தே போனதாக நினைத்திருந்த சீலகாந்த் மீன் வலையில் சிக்கியபோது உலகமே ஆடிப்போனது. அதற்கு முன் 6.6 கோடி ஆண்டுக்குப் பிந்திய பாறைகளில் சீலகாந்த் தடயம் கிடையாது. ஆனால் கவச மீன்களுக்கு இடைவெளி 36 கோடி ஆண்டு. அதுவும் விரலளவு தகடு உடைந்து விழுந்தால்கூடக் கல்லாகி நிற்கிற ஜாதி. டெவோனியன் பாறைகளில் இவ்வளவு கொட்டிக் கிடந்தவை அடுத்த காலப் பாறையில் ஒன்றுகூட இல்லை என்றால், இல்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

“ஏன் அழிந்தன?”
(அதே வங்கி ஊழியர்)

மூச்சுமுட்டி. முழுப் பதில் அவ்வளவு சுருக்கமில்லை, ஆனாலும் அந்தக் கறுப்புக் களிப்பாறையே பாதிக் கதையைச் சொல்கிறது. செத்தவை முழுக்க மக்காமல் கரியாகத் தங்கும்போதுதான் சேறு அப்படிக் கறுக்கும், அதாவது அடித்தண்ணீரில் ஆக்சிஜன் இல்லை. டெவோனியன் கடைசியில் கடல்கள் திரும்பத் திரும்ப இப்படி ஆகின. சுமார் 37.2 கோடி ஆண்டுக்கு முன் ஒரு பெரிய அடி, 35.9 கோடி ஆண்டுக்கு முன் இன்னொன்று. முதல் அடியில் பல கவச மீன் குடும்பங்கள் போயின, இரண்டாவதில் மிச்சமும் போயிற்று. அந்தக் காலத்தில்தான் நிலத்தில் முதல் காடுகள் பரவின. வேர்கள் பாறையை உடைத்து, சத்து ஆற்றோடு கடலுக்குப் போய், பாசி பெருகி, அது அழுகும்போது ஆக்சிஜனைக் குடித்துவிட்டது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். எரிமலைகளைக் காரணம் காட்டுவோர் உண்டு, குளிர் அதிகமானதைச் சொல்வோரும் உண்டு. எனக்குக் காடு பிடித்திருக்கிறது, ஆனால் பிடித்திருப்பது சான்றாகாது.

“இந்த மீனுக்கும் மனிதனுக்கும் சம்பந்தம் உண்டா?”
(தமிழாசிரியர், திருவாரூர்)

டங்கிளியோஸ்டியஸ் நமக்குப் பாட்டன் அல்ல, அது வாரிசின்றிப் போன கிளை. ஆனால் கவச மீன்கள் மொத்தமுமே வாரிசற்றவை என்று நாங்கள் நடத்திய பாடத்தை 2013இல் சீனாவிலிருந்து வந்த ஒரு மீன் புரட்டிப்போட்டது. யுன்னான் மாகாணத்தில் சூஜிங் நகர் அருகே 41.9 கோடி ஆண்டுப் பாறையில் கிடைத்தது. ஜூ மின் குழுவினர் எண்டலோக்னாதஸ் என்று பெயரிட்டார்கள். உடம்பு கவச மீனுடையது. தாடையைப் பார்த்தால், மேல்தாடையிலும் கீழ்த்தாடையிலும் எலும்பு மீன்களுக்கும் நமக்கும் இருக்கும் அதே வரிசை எலும்புகள். ஆக, நம் தாடையின் எலும்புகள் கவச மீன்களிடமே உருவாகத் தொடங்கியிருக்கின்றன என்று ஆகிறது. நீங்கள் வகுப்பில் வாயைத் திறந்து ஒரு வெண்பா சொல்ல உதவும் எலும்புகளுக்கு வயது 40 கோடி ஆண்டுக்கு மேல்.

“பள்ளிக் கண்காட்சிக்கு மகள் இந்த மீனை வரையப் போகிறாள். இணையத்தில் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு மாதிரி. எதைப் பார்த்து வரையட்டும்?”
(தாயார், பொள்ளாச்சி)

2023க்கு முந்தைய படங்களை ஒதுக்கிவிடச் சொல்லுங்கள். தலையும் தோளும் தகடு தகடாக, நடுவில் மூட்டு தெரிய வேண்டும். கண்ணைச் சுற்றி எலும்பு வளையம் உண்டு, அதை மறக்க வேண்டாம். கண் தலையின் முன்பக்கம் இருக்கட்டும். வாயில் வரிசைப் பல் வரைந்தால் நானே வந்து மார்க்கைக் குறைப்பேன். உடம்பு தடிமனாக, வால் பலமாக. பக்கத்தில் அளவுக்கு ஒரு ஆளை வரைந்தால் மீன் அவரைப்போல இரண்டு மடங்கு நீளம் வர வேண்டும், அவ்வளவுதான். நிறம் அவள் இஷ்டம். வால் துடுப்பு வடிவம் உறவுக்கார மீன்களையும் இன்றைய சுறாக்களையும் பார்த்து ஊகித்தது என்று கீழே ஒரு வரி எழுதினால், நடுவராக வருகிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

“நம் தமிழ்நாட்டில் இந்த மீனின் புதைபடிவம் கிடைக்க வாய்ப்பு உண்டா? நான் கல்குவாரியில் வேலை செய்கிறேன்.”
(வாசகர், பெரம்பலூர்)

இந்த மீன் கிடைக்காது தம்பி. நம் மாநிலத்தின் பெரும்பகுதி உயிர்கள் பெருகுவதற்கு வெகு முன்னால் உண்டான கடும்பாறை. அதற்கு மேல் படிந்திருப்பவை டெவோனியனுக்கு ரொம்பப் பிந்தியவை. நடுவே அந்தக் காலப் பக்கமே நம்மிடம் இல்லை.

ஆனால் நீ இருக்கும் இடம் சாதாரண இடமல்ல. உன் மாவட்டமும் பக்கத்து அரியலூரும் கிரிடேசியஸ் காலக் கடலடி, டைனோசர்களின் கடைசி யுகம். அம்மோனைட் சுருள்கள், சிப்பிகள், சுறாப் பற்கள், சாத்தனூரில் கல்லான மரம் எல்லாம் அங்கேயே இருக்கின்றன. ஸ்காட்லாந்தில் ஹ்யூ மில்லர் என்றொருவர் உன்னைப்போலக் கல்வேலை செய்தவர்தான். செம்மணற்கல்லுக்குள் அவர் கண்டெடுத்த இறக்கை போன்ற துடுப்புள்ள கவச மீனுக்கு, அகாசி என்ற பெரிய ஆய்வாளர் மில்லரின் பெயரையே சூட்டினார். வெட்டும்போது ஏதாவது உருவம் தெரிந்தால் உடனே பெயர்த்து எடுக்காதே. இருக்கிற இடத்திலேயே பக்கத்தில் ஒரு ஸ்கேலோ பேனாவோ வைத்துப் படம் எடு, எந்த அடுக்கில் இருந்தது என்று குறித்துக்கொள். பிறகு அருகில் நிலவியல் துறை இருக்கிற கல்லூரிக்குத் தகவல் சொல். படத்தை எனக்கும் அனுப்பு. அடுத்த இதழில் போடச் சொல்லி ஆசிரியரிடம் சண்டை போடுவது என் பொறுப்பு.